ஆறாவது கொடிக்கால்

எங்கள் குடும்பத்துக்கும் மண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அப்பா சங்கு குளித்தவர். தாத்தா முத்து குளித்தவர். அவருக்கு முந்தியவர்களும் தண்ணீருக்கு அடியில்தான் பிழைத்தார்கள். எங்கள் ஆட்கள் மண்ணுக்குள் போவது ஒரே ஒரு தடவை, அதுவும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் இறக்கினால்தான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டியூட்டராக இருந்துகொண்டு, வெற்றிலைக் கொடியின் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் என்னென்ன நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று ஆராயப் புறப்பட்டேன்.

ஏன் வெற்றிலை என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். ஏதாவது பெரிய காரணம் சொல்லலாம் என்று பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் மதுரையில் இருந்தார். அவரிடம் எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் நெல், பருத்தி, வாழை எல்லாவற்றையும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போய் நின்ற எனக்கு மிச்சமிருந்தது வெற்றிலை. "உங்க ஊருக்குப் பக்கத்துலதான் ஆத்தூர் இருக்கே" என்றார். என் ஆராய்ச்சியின் தத்துவப் பின்னணி அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறி, உப்பளங்களைத் தாண்டி, முக்காணியில் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். தாமிரபரணி கடலில் போய்ச் சேருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பச்சை பிடிக்கிற இடம். வெற்றிலைத் தோட்டத்தை அங்கே கொடிக்கால் என்பார்கள். அகத்தியை நெருக்கமாக வரிசை வரிசையாக வளர்த்து, அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டியிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாது. எந்நேரமும் ஈரமாக இருக்கும். வெற்றிலைக்கு ஈரமும் நிழலும் வேண்டும். அதன் நோய்க்கும் அதேதான் வேண்டும் என்பது வெற்றிலையின் தலையெழுத்து.

நோய்க்கு வாடல் என்று பெயர். நேற்று வரை நன்றாக இருந்த கொடி இன்று காலையில் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இழுத்தால் அடித்தண்டு கறுத்து, அழுகி, கையோடு வந்துவிடும். காரணம் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை. அதன் வித்துக்கு வால் உண்டு. ஈர மண்ணில், தண்ணீரில் அதுவாகவே நீந்திப் போய் அடுத்த வேரைப் பிடிக்கும். நீந்தத் தெரிந்த பூஞ்சை என்று புத்தகத்தில் படித்ததும் எனக்கு அதன்மேல் ஒரு சொந்தக்காரப் பாசமே வந்துவிட்டது.

நான் ஆறு கொடிக்கால்களைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து கொடிக்கால்களில் வாடல் இருந்தது. அவை ஐந்தும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்பவை. ஆறாவது கொடிக்கால் சற்றுத் தள்ளி, ரோட்டைத் தாண்டி, மேட்டில் இருந்தது. அதற்குச் சொந்தக் கிணறு. அதில் ஒரு கொடிகூட வாடியதில்லை. ஆராய்ச்சிக்கு இப்படி நோயே இல்லாத தோட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைப் பற்றிப் பேச முடியும். ஆகவே ஆறாவது கொடிக்கால் எனக்கு உயிர். அதன் சொந்தக்காரருக்கும் அது உயிர்தான். அந்த விஷயம் எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு இருபத்தேழு. அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார். அவரும் அவர் மனைவியும் மட்டுமே அந்தக் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டார்கள். மற்ற தோட்டங்களில் இலை கிள்ளக் கூலிக்கு ஆள் வருவார்கள். அதே ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் போவார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. அவர் மனைவிக்கு இன்னொருவர் இலை கிள்ளுவது பிடிக்காது. காம்பை ஒடித்துவிடுவார்களாம்.

முதல் நாள் நான் போனபோது அண்ணாச்சி நுழைவிலேயே நிறுத்தினார்.

"செருப்ப அங்கன விட்டுருங்க சார். காலக் கழுவிட்டு உள்ள வாங்க. கலெக்டரே வந்தாலும் அப்படித்தான்."

ஆத்தூரில் எந்தக் கொடிக்காலிலும் அதுதான் முறை. வெற்றிலை சுத்தமான பொருள், அழுக்குக் காலோடு போனால் கொடி கோபித்துக்கொள்ளும். எனக்கு இந்தக் கோபதாபங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுத்தத்தில் நம்பிக்கை உண்டு. கிருமிகளைப் படித்தவனுக்குச் சுத்தம் இரண்டாவது மதம். கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் விழுந்து, தொட்டியிலிருந்து ஓடையாகத் தோட்டத்துக்குள் போகும். அந்த ஓடையில் காலைக் கழுவினேன். அதோடு நிற்காமல், என் ஆகரையும் கழுவினேன். ஆகர் என்பது மண் எடுக்கிற கம்பி: மேலே பிடித்துத் திருக ஒரு கைப்பிடி, கீழே பெரிய திருகாணி. திருகினால் ஒரு முழ ஆழத்து மண்ணைக் குலையாமல் எடுத்துத் தரும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் பார்க்கிற ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. பிறகு கத்தியைக் கழுவினேன். வாளியைக் கழுவினேன்.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "ஏளா, இங்க வந்து பாரு. சாரு கம்பியக்கூட கழுவுதாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். படித்தவன், ஆனாலும் மரியாதை தெரிந்தவன் என்று அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெயர் ஊருக்குள் ஒரு சுற்று வந்தது.

கல்லூரி நாட்களில் நேரம் கிடைக்காது என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் முதல் பூசை முடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன். முதல் தோட்டத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் ஆகரைத் திருகி, மண்ணைப் பொட்டலம் கட்டி, குழிக்குள் தெர்மாமீட்டரை விட்டுச் சூடு பார்த்து, எண் எழுதிய மூங்கில் குச்சியை அடையாளத்துக்கு நட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். ஆறாவது தோட்டத்தை முடிக்க மதியம் ஆகும். அங்கே, தோட்டத்தை ஒட்டிய வீட்டில், மதினி இலை போட்டிருப்பாள். அண்ணாச்சியின் மனைவியை அப்படித்தான் கூப்பிட்டேன். உள்ளித்தீயல், அகத்திக்கீரைத் துவட்டல், மோர். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மீன். அகத்திக்கீரையை நான் ஆட்டுத் தீனி என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அந்த வீட்டில் உட்கார்ந்த பிறகு ஆடுகளின் மேல் மதிப்பு வந்தது. மதினி என்னிடம் பேசமாட்டாள். அண்ணாச்சியிடம்தான் சொல்லுவாள், "சாருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா கேளுங்க" என்று. நான் பதிலை அண்ணாச்சியிடம் சொல்லுவேன். இரண்டு அடி தூரத்தில் இருக்கிற ஆட்களுக்கு நடுவே அவர் தந்தி ஆபீஸாக வேலை பார்த்தார். கிளம்பும்போது என் அம்மாவுக்கென்று ஒரு அடுக்கு வெற்றிலை வரும்.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்தது அந்த வெற்றிலை மட்டும்தான். பிடிக்காதது மிச்சமெல்லாம். கிருமிகளை வளர்க்க ஒரு கூழ் வேண்டும். அது கடல்பாசியில் செய்வது. கல்லூரியில் வாங்கித் தரமாட்டார்கள். நம் கடலில் கிடைக்காத பாசியா என்று கரையில் காய வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கிவந்து, எங்கள் வீட்டுக் குசினியில் அண்டாவில் போட்டுக் காய்ச்சினேன். மூன்று தெருவுக்கு நாறியது. "ஏலே, மனுசன் திங்கக் காய்ச்சுனா நானும் பொறுத்துக்கிடுவேன். பூச்சிக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கியே, ஒனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் இப்படிப் போனது. மண்ணில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு எழுதினேன். எனக்கு ஒரு கொள்கையும் தோன்றியது. நல்ல மண் என்பது கிருமி இல்லாத மண் அல்ல. நல்ல கூட்டமுள்ள மண். வேரைச் சுற்றி ஒவ்வொரு இடத்திலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக ஒரு கெட்டவன் வந்தாலும் உட்கார இடம் கிடைக்காது. தைப்பூசத்தன்று திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆறாவது கொடிக்கால் மண்ணில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. ஆகவேதான் அங்கே வாடல் வரவில்லை என்று பேராசிரியருக்கு நான்கு பக்கம் எழுதினேன். அவர் ஒரு கார்டில், "சுவாரசியம். தொடரவும்" என்று பதில் போட்டார். அவர் எல்லாக் கடிதத்துக்கும் அதைத்தான் எழுதுவார் என்று அப்போது எனக்குத் தெரியாது. கார்டை பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கேட்டார். நான் ஆகரைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் குத்தவைத்து, குழிக்குள் தெர்மாமீட்டர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் எந்தோட்டத்துக்கு வாடல் வராதுன்னா சொல்லுதிய?"

"வராது அண்ணாச்சி. கவலையே படாதிய."

இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 'வராது என்று நினைக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். எழுதும்போது அப்படித்தான் எழுதுவேன். வாயால் சொல்லும்போது ஒரு வார்த்தை குறைந்துவிட்டது.

இரண்டாவது ஐப்பசி மழையில் ஆறாவது கொடிக்காலில் ஒரு கொடி வாடியது. அடுத்த தடவை போனபோது ஏழு. எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, கோபம். இரண்டு வருட வேலை. நோயில்லாத தோட்டமே நோயில் விழுந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? கொடியைப் பார்த்து, "ஒனக்கு என்ன கேடு?" என்று உரக்கக் கேட்டது நினைவிருக்கிறது. அண்ணாச்சியோ அசையவில்லை. வாடிய கொடியைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, "ஆவட்டும் சார்" என்றார். முகத்தில் ஒரு திருப்திகூட இருந்தது. அதை நான் கிராமத்து விவசாயியின் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அப்படி எதையாவது எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது.

வாடியதையும் அதைச் சுற்றி இருப்பதையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து வேரில் ஊற்றுங்கள் என்று சொன்னேன். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். சரி சார் என்றார். இரண்டு வாரம் கழித்துப் போனால் வாடிய கொடிகள் அப்படியே நின்றன. கூடவே புதிதாகப் பதினைந்து. மறுபடி சொன்னேன். மறுபடி சரி சார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மதியச் சாப்பாட்டை மறுக்கவில்லை.

பேராசிரியர் வாடிய கொடிகளின் படம் கேட்டிருந்தார். கட்டம் போட்ட தாளில் தோட்டத்தை வரைந்து, வாடிய கொடி ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன். பிறகு, விவரம் முழுமையாக இருக்கட்டுமே என்று, என் மூங்கில் குச்சிகளை நீலத்தில் குறித்தேன். குறித்து முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். நீலப் புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் சிவப்பு இருந்தது. நீலம் இல்லாத மூலையில் சிவப்பே இல்லை.

ஆனாலும் ஆகரைக் கழுவித்தானே கொண்டுபோனேன்? அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோதித்தேன். ஐந்து தோட்டங்களிலும் வழக்கம்போல மண் எடுத்தேன். வழக்கம்போலவே ஆகரை வாய்க்காலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆறாவதுக்குப் போகாமல் நேராகக் கல்லூரிக்கு வந்து, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் அந்தச் சுத்தமான ஆகரை அலசி, என் அம்மாவுக்கென்று மதினி கொடுத்தனுப்பியிருந்த வெற்றிலையில் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி அந்தத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அந்தப் பூஞ்சையைப் பிடிக்கிற தூண்டில் இதுதான். தண்ணீரில் அது இருந்தால் இலைத் துண்டைத் தேடி நீந்தி வரும். இரண்டு நாளில் இலை கறுக்கும்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தபோது எல்லாத் துண்டும் கறுத்திருந்தது. ஒன்றுகூட எனக்காகப் பச்சையாக இருக்கவில்லை.

திருகாணியின் மடிப்புகளுக்குள் ஒட்டியிருக்கும் ஈர மண் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. போகிற மண்ணும் எங்கே போயிற்று? ஆறாவது தோட்டத்தின் வாசலில் ஓடையில் கழுவினேன்; ஓடை தோட்டத்துக்குள் போயிற்று. என் கொள்கையும் அன்றைக்கே செத்தது. அந்த மண்ணின் கூட்டம் யாரையும் தடுத்திருக்கவில்லை. சொந்தக் கிணறு, சொந்தக் கை. வெளி மண் உள்ளே வர வழியே இல்லாமல் இருந்தது. முதல் வழி நான்தான். துண்டு போட்டு இடம் பிடித்து, ஜன்னல் வழியாக ஏற்றி உட்கார வைத்திருக்கிறேன்.

பின்னால் ஆய்வேட்டில் இதை எழுதியபோது, 'மண் சேகரிக்கும் கருவிகள் வாயிலாக நோய் பரவியது' என்று எழுதினேன். கருவிகள் தாங்களாகவே பஸ் ஏறிப் போனதுபோல. வாய்மொழித் தேர்வில் அந்தப் பகுதியைப் பாராட்டினார்கள்.

செவ்வாய் முதல் சனி வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாவது தோட்டத்துக்கு இனிமேல் போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆத்தூரில் வாடல் புதிதில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படப்போவதில்லை. சனிக்கிழமை சாயந்திரம் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்த பாவமாக இதைச் சாமியாரிடம் சொன்னேன். அவர், "வெத்தலைக்கு நோய் குடுத்தது எந்தக் கட்டளைக்குள்ள வருது?" என்று என்னிடமே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. களவு செய்யாதே என்கிற ஏழாவதாக இருக்கலாம் என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது பாரம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. சொல்ல வேண்டிய ஆள் வேறு என்று தெரிந்துதான் இருந்தது. இன்னும் பிடுங்கி எரித்தால் கால்வாசித் தோட்டமாவது மிஞ்சலாம் என்பதும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் நிற்காமல் முதல் பஸ்ஸில் போனேன். ஆகரை எடுத்துப் போகவில்லை. கறுத்த இலைத் துண்டுகள் இருந்த கண்ணாடித் தட்டை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். ஆத்தூரில் இறங்கி நேராக ஆறாவது தோட்டத்துக்குப் போனேன். அண்ணாச்சியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இரண்டாவது, நான்காவது தோட்டத்துக்காரர்கள்.

"இந்தா, சாரே வந்துட்டாரு" என்றார் அண்ணாச்சி. "போன தடவ எங்க சார் காணும்? ஆக்கி வச்ச சோறு அப்படியே இருந்துச்சு."

இரண்டாவது தோட்டத்துக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "சார், எங்க கொடிக்காலுக்கும் ஒரு குத்து குத்திருங்க. எங்களுக்கு வெறும் மண்ண மட்டும் எடுத்துட்டுப் போறிய."

எனக்கு விளங்கவில்லை. "என்ன குத்து?"

அண்ணாச்சி சிரித்தார். "மறைக்காதிய சார். நான் இவுகட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்க மூத்தவளுக்கு அம்மை குத்த வந்தவரு இப்படித்தான் ஒரு கம்பியக் கையில வச்சுத் திருகுனாரு. மறுவாரம் அந்த எடம் பழுத்துச்சு. ரெண்டு நாளு காய்ச்சல் அடிச்சுது. பொருக்குத் தட்டுச்சு. அதோட சரி, இன்னைக்கு வரைக்கும் அம்மை எட்டிப் பாக்கல. நீங்களும் அந்த அஞ்சு கொடிக்கால்லயும் நோவக் கொஞ்சம் தொட்டு எடுத்துட்டு, கடைசியில எந்தோட்டத்துல வந்து குத்துதிய. காய்ச்சக் கம்பிகூட வச்சுப் பாக்கிய. நான் அப்பமே புரிஞ்சுக்கிட்டேன். வாடல் வராதுன்னும் சொல்லிட்டிய. அதாம் குத்துன எடத்துல வாடும்போது நான் பேசாம இருந்தேன். பொருக்கப் பிச்சா குத்து எடுக்காதுல்லா. எங்க வீட்டுக்காரி பிடுங்கணும் பிடுங்கணும்னா. நாந்தான் விடல."

இரண்டு வருடம் படித்து, படம் வரைந்து, தூண்டில் போட்டு நான் கண்டுபிடித்ததை அவர் எனக்கு ஒரு வருடம் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டிருந்தார். ஐந்து தோட்டத்து நோய் என் கம்பி வழியாகத் தன் தோட்டத்துக்குள் போகிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அது நல்லதற்கு என்று நம்பியதில் மட்டும்தான் தப்பு. அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்.

"அண்ணாச்சி, இது குத்து இல்ல" என்றேன். பையிலிருந்து தட்டை எடுத்துப் பிரித்து அவரிடம் நீட்டினேன். அவர் தோட்டத்து இலை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நரம்பைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியில் ஒட்டிய மண், கழுவிய ஓடை, சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி. செடிக்கு அம்மை குத்துவதெல்லாம் கிடையாது, வந்தால் வந்ததுதான் என்றேன்.

மற்ற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளை விட்டால் போதும் என்று அவர்களுக்கு. வாய்க்கால் பக்கம் சோலி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். அண்ணாச்சி தோட்டத்தில் குத்து எடுக்கவில்லை, பலிக்கவில்லை என்றுதான் ஊருக்குள் சொன்னார்கள். சில பிள்ளைகளுக்கு எடுக்காதில்லையா, அப்படி. அதனால் ஆத்தூரில் என் பெயர் கடைசி வரை கெடவே இல்லை. அது எனக்குக் கிடைத்த தண்டனைகளில் ஒன்று.

அண்ணாச்சி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பம் நீங்க தெரிஞ்சு செய்யலயா?"

"தெரியாமத்தான் அண்ணாச்சி."

"தெரியாமலா?" என்றார். தெரிந்து கெடுத்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் முகம் அப்படி மாறியிருக்காது.

பிறகு இன்னொன்று கேட்டார். "எந்தோட்டத்துக்கு மொதல்ல வந்துட்டு, பெறவு அந்த அஞ்சுக்கும் போயிருந்தா?"

அதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். முதலில் சுத்தமானதைத் தொடு, பிறகு அழுக்கானதைத் தொடு. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போடுவேன்.

"வந்திருக்காது" என்றேன்.

"பெறவு ஏன் சார் கடைசியில வந்திய?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம், வெயில், தூரம், எதையாவது.

"இங்கதான சாப்பாடு" என்றேன். "மதியத்துக்குச் சரியா இருக்கும்னு, இத கடைசியா வச்சுக்கிட்டேன்."

மதினி கதவோரம் நின்றிருந்தாள். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு இலை போட்ட வீட்டில் முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"அப்பம் நான் சோறு போட்டதுதான் தப்பா?"

இல்லை மதினி, தப்பு என்னுடையதுதான் என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. உள்ளே போய் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அரைவேக்காட்டுச் சோறு அப்படியே இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் தாண்டித் தோட்டத்துக்குள் போனாள். அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். நானும் போனேன்.

எது எதைப் பிடுங்க வேண்டும் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. வாடாமல் நின்ற வரிசைகளை நோக்கி நடந்தாள். முதலில் நின்ற கொடியைப் பிடித்தாள். அகத்தி உயரத்துக்கு ஏறி, தலை முதல் கால் வரை இலை மின்னுகிற கொடி. இது நல்ல கொடி மதினி, இது இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். இதற்கு வாடல் வராது என்று அந்த வீட்டில் இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கொடியை வேரோடு இழுத்தாள்.